மனுஷன் மாதிரி ரோபோ: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என்னால முடிஞ்ச பதில்களும்

மனுஷ உருவ ரோபோ பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான் வருது, உயிர் இருக்கா, கும்பிடலாமா, உதைச்சா பாவமா, ஜப்பான்காரங்க மட்டும் ஏன் இப்டி. ஒவ்வொரு தடவையும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா ஒரே எடத்துல போட்டுட்டேன். நான் இன்ஜினியர் இல்ல, இதுல கொஞ்சம் கிறுக்கு உண்டு, அவ்ளோதான்.

கே: ரோபோங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

செக் மொழியில ரோபோடான்னா கட்டாய உழைப்பு, பண்ணையாருக்கு கூலி இல்லாம இத்தனை நாள் வேலை செஞ்சே ஆகணும்னு இருந்த வழக்கம். சோழர் கல்வெட்டுல "வெட்டி"ன்னு வரும் பாருங்க, கிட்டத்தட்ட அதேதான், இன்னிக்கு நாம வெட்டி வேலைன்னு அர்த்தம் மாத்தி சொல்லிட்டு இருக்கோம். கரேல் சாப்பெக் 1920ல வெளியிட்ட நாடகத்துலதான் இந்த வார்த்தை வந்துச்சு, யோசனை சொன்னது அவரோட அண்ணன் யோசெஃப். 1921ல பிராக்ல மேடை ஏறிச்சு. அதுல வர்ற ரோபோக்கு இரும்பு உடம்பு கிடையாது, ஃபேக்டரியில மாவு பிசையற மாதிரி பிசைஞ்சு செஞ்ச ஆளுங்க, கடைசியில கெளம்பி மனுஷ குலத்தையே காலி பண்ணிடுவாங்க. சம்பளம் கொடுக்காம வேலை வாங்கணும்ங்கற ஆசையும், அவன் திருப்பி அடிச்சா என்ன ஆகும்ங்கற பயமும் பேர் வெக்கும்போதே ஒட்டிக்கிட்டு வந்ததுதான்.

கே: அப்போ மனுஷ பொம்மைங்கற யோசனையே 100 வருஷத்துக்கு முன்னாடிதான் வந்துச்சா?

இல்ல, ரொம்ப பழசு. எனக்கு பிடிச்சது சீனாவோட லியேட்சு நூல்ல வர்ற கதை. சோவ் வம்சத்து மூ ராஜா கிட்ட யான் ஷிங்கற கைவினைஞன் ஒரு ஆளை கூட்டிட்டு வர்றான், அந்த ஆளு நடக்கறான், பாடறான், ஆடறான், ராஜாவும் தன் பொண்டாட்டிமாரோட உக்காந்து ரசிக்கறார், ஆட்டம் முடியற நேரத்துல அந்த ஆளு ராணிங்களை பார்த்து கண்ணடிச்சுட்டான். ராஜாவுக்கு வந்துச்சே கோவம், யான் ஷியை வெட்டிப் போடுங்கறார். அவன் பதறிப் போய் அந்த ஆளை அங்கேயே பிரிச்சுக் காட்டறான், எல்லாம் தோல், மரம், கோந்து, அரக்கு. ராஜா விடல, உள்ள இருந்த இதயத்தை எடுத்துப் பார்த்தார், வாய் பேசல, ஈரலை எடுத்தார், கண்ணு தெரியல, சிறுநீரகத்தை எடுத்தார், கால் நடக்கல. அப்பறம்தான் சந்தோஷப்பட்டாராம். கவனிச்சீங்கன்னா அவருக்கு கோவம் வந்தது பொம்மை பாடினதுக்கோ ஆடினதுக்கோ இல்ல, கண்ணடிச்சதுக்கு. வேலை செஞ்சா மெஷினு, ஆசைப்பட்டா ஆளு, நாம இன்னிக்கும் அந்த எடத்துலதான் நிக்கறோம்.

துருக்கி பக்கம் தியார்பக்கிர்ல அல் ஜசரிங்கற பொறியாளர் 1206ல எழுதி முடிச்ச புத்தகத்துல கை கழுவ தண்ணி ஊத்தற பொம்மை, படகுல உக்காந்து வாசிக்கற பாட்டுக்கார பொம்மைங்க, எல்லாம் படத்தோட செய்முறையோட இருக்கு. இஸ்லாத்துல உருவம் செய்யறவங்களை மறுமையில "இதுக்கு உயிர் கொடு"ன்னு கேப்பாங்கன்னு ஹதீஸ் இருக்கு, ஆனா ஒரு முஸ்லிம் அரசவையிலதான் இந்த வேலையும் நடந்துச்சு, அதனால "இந்த மதம்னா இப்டித்தான்"னு யாராவது ஒரே வரியில முடிச்சா நம்பாதீங்க.

கே: நம்மாளுங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

கதையில இருக்கு, ஆனா கதையில இருக்கறதை வெச்சு மெஷின் ஓடாது. சீவக சிந்தாமணியில மயிற்பொறி, அதாவது பறக்கற மயில் மெஷின், உதயணன் கதையில அவனை பிடிக்க செஞ்ச பொய் யானை. அந்த யானை எப்டி வேலை செஞ்சுச்சுன்னா உள்ள வீரர்கள் ஒளிஞ்சிருந்தாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஆனா இந்த விஷயத்துல தமிழ்ல இருக்கற உருப்படியான வரி எதுன்னு கேட்டா நான் 1020வது குறளைத்தான் சொல்வேன், "நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று". மனசுல நாணம் இல்லாதவன் நடமாடறது, மரப்பாவை நாண்ல, அதாவது கயித்துல, ஆடி உயிர் இருக்கற மாதிரி மயக்கற மாதிரியாம். வள்ளுவர் திட்டறது மனுஷனைத்தான், பாவையை இல்ல. ஆனா "உயிர்மருட்டி"ங்கற அந்த வார்த்தை இருக்கே, மனுஷ ரோபோக்கு அதைவிட பொருத்தமா நான் எதையும் பார்க்கல. அதோட கயிறுன்னு ஒண்ணு இருந்தா அதை பிடிச்ச கைன்னு ஒண்ணும் இருக்கணும் இல்லியா, இந்த மேட்டர்ல எனக்கு எப்பவும் கண்ணு அங்கதான் போகும்.

கே: சில ரோபோ முகத்தை பார்த்தா வயித்தை கலக்குது, எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். டோக்கியோல பேராசிரியரா இருந்த மசாஹிரோ மோரி 1970லயே எழுதிட்டார். பொம்மை மனுஷன் மாதிரி ஆக ஆக நமக்கு அது மேல பிரியம் கூடிட்டே போகும், கிட்டத்தட்ட மனுஷன்தான்ங்கற எடம் வரும்போது பிரியம் தொப்புனு பள்ளத்துல விழும், முழுசா மனுஷனே ஆயிட்டா திரும்ப ஏறும். அவர் சொன்ன உதாரணம் செயற்கை கை. பார்க்க அசல் கை, நரம்பு ரேகை நகம் எல்லாம் இருக்கு, குலுக்கலாம்னு பிடிச்சா ஜில்லுனு எலும்பே இல்லாத மாதிரி இருக்கும், ஒரு செகண்டு தூக்கிவாரிப் போடும். அது அசைய வேற செஞ்சா இன்னும் மோசம். அதனால டிசைன் பண்றவங்க பள்ளத்தைத் தாண்ட முயற்சி பண்ணாம, புத்தர் சிலை செதுக்கறவர் செய்ற மரக்கை மாதிரி, மரம்னு தெரியற மாதிரியே அழகா செய்ங்கன்னார். நல்ல யோசனை, பாதி பேர் கேக்கல.

நம்ம ஸ்தபதிகளும் சிலைக்கு கண்ணை கடைசியாத்தான் திறப்பாங்க, அதுக்கு தனி சடங்கு. இலங்கையில புத்தர் சிலைக்கு கண் எழுதறவர் நேருக்கு நேர் பார்க்காம கண்ணாடியில பார்த்து எழுதுவார். கண்ணு வந்துட்டா அது வேற எதுவோ ஆயிடும்ங்கறது மோரி எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

கே: ஜப்பான்காரங்க ரோபோவை குடும்பத்துல ஒருத்தரா நெனைக்கறாங்களாமே, உண்மையா?

பாதி உண்மை. நல்ல பாதியை மொதல்ல சொல்றேன். சோனி 1999ல ஐபோ (AIBO)ங்கற ஒரு ரோபோ நாயை விட்டுச்சு, விலை 2,50,000 யென், ஜப்பான்ல 3,000 நாய் 20 நிமிஷத்துல வித்துப் போச்சு. 2006ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, 2014ல சர்வீஸையும் நிறுத்திட்டாங்க. அப்போ சோனியில முன்னாடி வேலை பார்த்த இன்ஜினியருங்க ஒரு சின்ன கம்பெனி வெச்சு ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது, செத்துப்போன நாய்லேர்ந்துதான் எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி சிபா மாகாணத்துல இசுமிங்கற ஊர் புத்த கோயில்ல காரியம் பண்றாங்க. பலிபீடத்துக்கு முன்னாடி வரிசையா நாயை உக்கார வெச்சு, ஒவ்வொண்ணுலயும் எந்த ஊரு எந்த வீடுன்னு அட்டை கட்டி, ஊதுவத்தி ஏத்தி, சாமியார் சூத்திரம் ஓதறார். 2018 வரைக்கும் கணக்கு போட்டா சுமார் 800 நாய். இதை கிண்டல் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு, அவங்க ஊர்ல தேஞ்சு ஒடைஞ்ச தையல் ஊசிக்கே நன்றி சொல்லி காரியம் பண்ற நாள் இருக்கு, ஊசியை மெத்துன்னு இருக்கற டோஃபுல குத்தி வெப்பாங்க, பாவம் இத்தனை நாள் கெட்டித் துணியை குத்தி கஷ்டப்பட்டுச்சேன்னு. நாமளும் ஆயுத பூஜைக்கு லாரிக்கு பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் நசுக்கறவங்கதானே.

இப்போ மத்த பாதி. "அவங்க பாரம்பரிய மதம் ஷிண்டோல எல்லாத்துலயும் ஆவி இருக்கு, அதனால ஜப்பானுக்கு ரோபோன்னா உசுரு"ங்கறது ரொம்ப ஈஸியான விளக்கம். 2000களோட நடுவுல பல நாட்டுல கேட்டு செஞ்ச ஆய்வுல ஜப்பான்காரங்க எதிர்பார்த்த அளவுக்கு ரோபோ மேல பாசமா இல்ல, அமெரிக்காக்காரங்கதான் நல்லா சொல்லிருந்தாங்க. வயசானவங்க ஜாஸ்தி, வேலைக்கு ஆள் கம்மி, வெளிநாட்டு ஆளுங்களை நெறைய சேத்துக்க அரசியல் ரீதியா தயக்கம், இப்டி ஒரு நாட்டுல ரோபோதான் எதிர்காலம்னு அரசாங்கமே சொன்னா அதுல எவ்ளோ ஷிண்டோ எவ்ளோ விசா கொள்கைன்னு நீங்களே பிரிச்சுக்கோங்க. நாகசாகி மாகாணத்துல 2015ல ரோபோவே நடத்தற ஹோட்டல்னு ஒண்ணு தொறந்தாங்க, ரூம்ல ஒரு பொம்மை உதவியாளர், கெஸ்ட் கொறட்டை விட்டா அது தன்னை கூப்பிடறாங்கன்னு நெனைச்சு "புரியல, திரும்ப சொல்லுங்க"ன்னு தூக்கத்துலேர்ந்து எழுப்பி விடும். 2019ல அங்க இருந்த 243 ரோபோல பாதிக்கு மேல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கே: ரோபோவை கும்பிடலாமா? ரோபோ பூஜை பண்ணா செல்லுமா?

கியோட்டோல கோடாய்ஜி கோயில்ல 2019ல மைண்டார்னு ஒரு ரோபோ வெச்சாங்க, புத்த மதத்துல கருணைக்கு உரிய கன்னோன் போதிசத்துவர் ரூபம், 195 சென்டிமீட்டர் உயரம். முகமும் கையும் தோளும் மட்டும் சிலிக்கோன், மீதி எல்லாம் அலுமினியமும் வயரும் அப்டியே தெரியும், மறைக்கல. கன்னோன் கேக்கறவங்களுக்கு தகுந்த மாதிரி 33 உருவம் எடுப்பார்னு சூத்திரத்துலயே இருக்கறதால இதுவும் ஒண்ணுன்னு கோயில் தரப்பு வாதம். வாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க வந்தவங்க கிட்ட செஞ்ச ஆய்வு ஒண்ணு 2023ல வந்துச்சு, மனுஷ சாமியார் பேச்சை கேட்டவங்களை விட ரோபோ பேச்சை கேட்டவங்க நம்பினதும் கம்மி, உண்டியல்ல போட்டதும் கம்மி. ஜெர்மனியில விட்டன்பர்க்ல 2017ல லூதர் தொடங்கின சமய சீர்திருத்தத்தோட 500வது வருஷத்துக்கு சர்ச்சுக்காரங்களே ஆசீர்வாத ரோபோ வெச்சாங்க, கையைத் தூக்கும், உள்ளங்கையில லைட் எரியும். அது பழைய ஏடிஎம் மெஷினுக்கு கை மொளைச்ச மாதிரி இருக்கும், வேணும்னேதான் அப்டி, ஆசீர்வாதம்ங்கறது யார் சொல்றாங்கங்கறதுலயா சொல்ற வார்த்தையிலயான்னு விவாதம் கெளம்பணும்னு.

நமக்கு இது புதுசா என்ன? எங்க தெரு பிள்ளையார் கோயில்ல மூலையில ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதுல ஒரு முரசு, ரெண்டு மணி, ஒரு ஜோடி தாளம், எல்லாத்துக்கும் ஒரே மோட்டார். தீபாராதனைக்கு குருக்கள் இடது கையால சுவிட்சை தட்டுவார், டமடமன்னு எல்லாம் ஒண்ணா அடிக்கும், கற்பூரம் அணைஞ்சா சுவிட்ச் ஆஃப், கடைசி அடி பாதியில தொங்கும். மனுஷ உருவம் இல்லாததால யாரும் இதை ரோபோன்னு சொல்றதில்ல, சாமி ஏத்துக்குமான்னும் கேக்கறதில்ல. முன்னாடி அங்க மேளம் வாசிச்சவர் இப்ப கல்யாண சீசன்ல மட்டும்தான் கண்ணுல படறார். திருச்சூர் பக்கம் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில்ல 2023ல ரோபோ யானையை நடைக்கிருத்தினாங்க, அதாவது கோயிலுக்கு காணிக்கையா கொடுத்தாங்க, அசல் யானையை சங்கிலியில கட்டி வெக்க வேணாம்னு, அதை நான் முழு மனசா ஏத்துக்கறேன். மோட்டார் மேளத்தை ஏத்துக்க முடியல. ரெண்டும் மெஷின்தான், யாரோட வலி குறையுது யாரோட சோறு குறையுதுன்னு பார்த்தா எனக்கு வித்தியாசம் தெரியுது.

கே: சரி, உயிர் இருக்கா இல்லியா, நேரா சொல்லு.

இப்ப இருக்கறதுல எதுக்கும் இல்லன்னுதான் நான் நெனைக்கறேன். எப்டி கண்டுபிடிக்கறதுங்கறதுதான் சிக்கல். யூதர்களோட மத நூல் தல்மூதுல ஒரு கதை, ரவான்னு ஒரு ரப்பி, அதாவது மதகுரு, ஒரு மனுஷனை உண்டாக்கி இன்னொரு ரப்பி ஸேரா கிட்ட அனுப்பறார், இவர் பேச்சு கொடுக்கறார், அது பதிலே சொல்லல, உடனே "மண்ணுக்கே போ"ன்னுட்டார். பிரெஞ்சு தத்துவவாதி தெக்கார்த்தும் 1637ல அதேதான், மெஷினால எதுக்கும் பொருத்தமா பதில் பேச முடியாதுன்னார். ஆக ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேலா நாம வெச்சிருந்த ஒரே பரீட்சை பேச்சு. அந்த பரீட்சையில இப்ப நெறைய மெஷின் பாஸ். 1966ல ஜோசப் வைசன்பாம் எழுதின எலிசாங்கற சின்ன புரோகிராம், நாம சொன்னதையே திருப்பி கேள்வியா கேக்கும், அவ்ளோதான், அதுக்கே அவரோட செக்ரட்டரி "கொஞ்சம் வெளிய இருங்க, நான் தனியா பேசணும்"னு அவரை ரூமை விட்டு அனுப்பினாங்க. அதை அவர் எழுதறதை மாசக்கணக்கா பக்கத்துலேர்ந்து பார்த்தவங்க அவங்க.

கே: அவனா அவளா அதுவா? எப்டி சொல்றது?

இங்கிலீஷ்காரங்களுக்கு இது ஒரு சின்ன சந்தேகம், நமக்கு வினைச்சொல்லே மாறும், வந்தானா வந்தாளா வந்துச்சான்னு வாயைத் தொறந்தாலே முடிவு பண்ணியாகணும். தொல்காப்பியர் மக்கள்னா உயர்திணை, மத்ததெல்லாம் அஃறிணைன்னு கோடு போட்டுட்டார். ஆனா நாம பேசறது அப்டியா, கொழந்தை அழுதுன்றோம், வீட்டு நாயை அவன் சாப்டானான்றோம், சாமி வந்துச்சுன்னும் சொல்றோம் வந்தார்னும் சொல்றோம். ஜப்பானிய மொழியிலயும் இருக்குன்னு சொல்ல ரெண்டு வினை உண்டு, உயிருள்ளதுக்கு இரு, இல்லாததுக்கு அரு. கேலி இல்ல, அவங்க வார்த்தையே இருதான். வீட்ல ரோபோ நாய் வெச்சிருக்கறவங்க எதை போடறாங்கன்னு கவனிச்சாலே அவங்க மனசு தெரிஞ்சுடும். நான் "அது"தான் போடறேன், கோவத்துல திட்டும்போது மட்டும் "இவன்" வந்துடுது.

கே: சவூதியில ஒரு ரோபோக்கு குடியுரிமை கொடுத்தாங்களே, அப்போ சட்டப்படி அது மனுஷியா?

2017 அக்டோபர்ல ரியாத்ல ஒரு முதலீட்டு மாநாடு, அதுல ஹாங்காங் கம்பெனி செஞ்ச சோஃபியாவுக்கு அறிவிச்சாங்க. அது தலையில துணி இல்லாம, கூட ஆம்பளை துணை இல்லாம மேடையில உக்காந்து பேசிச்சு, அந்த நாட்டு பொம்பளைங்க கார் ஓட்டவே 2018 ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்துச்சு. விளம்பரம்தான், வேற என்ன.

ஆனா கேள்வி விளம்பரம் இல்ல. மனுஷன் இல்லாததுக்கு சட்டத்துல ஆள் அந்தஸ்து கொடுக்கறது நமக்கு பழக்கமானது, இந்திய சட்டத்துல கோயில் தெய்வமே ஒரு சட்டநபர், சொத்து வெச்சுக்கும், கேஸ் போடும். தஞ்சாவூர் பக்கம் பத்தூர்ல திருடு போன நடராஜர் லண்டன் போயிட்டார், அதை மீட்க நடந்த கேஸ்ல இங்கிலாந்து கோர்ட்டே கோயிலை வழக்காடியா ஏத்துக்கிச்சு, 1991ல நடராஜர் இந்தியா திரும்பினார். அங்க யாரும் நடராஜருக்கு நரம்பு மண்டலம் இருக்கான்னு கேக்கல, அந்தஸ்து கொடுத்தது சாமி சொத்தை மனுஷங்க தின்னுடக் கூடாதுன்னு. ஐரோப்பிய பார்லிமென்ட் 2017ல "மின்னணு நபர்"னு ஒரு அந்தஸ்து யோசிக்கலாம்னு தீர்மானம் போட்டுச்சு, 2018ல 150 பேருக்கு மேல நிபுணர்கள் அதை எதிர்த்து கடுதாசி எழுதினாங்க, ரோபோ யாரையாவது நசுக்கினா "நாங்க இல்ல, அதையே கேட்டுக்கோங்க"ன்னு கம்பெனி கழண்டுக்கும்னு. எனக்கும் அதே பயம்தான். தெய்வத்துக்கு அந்தஸ்து கொடுத்தா தர்மகர்த்தா கணக்கு காட்டணும், இதுல கணக்கு காட்ட வேண்டியவனே தப்பிச்சுப் போறான்.

கே: ரிசப்ஷன் ரோபோ எல்லாம் ஏன் பொம்பளை உருவம்?

சென்னையில 2016ல பேங்க்ல வெச்சாங்களே ஒரு ரோபோ, அதுக்கு பேர் லட்சுமி. ஒசாகால ரோபோ பேராசிரியர் இஷிகுரோ டீம் செஞ்சது எரிக்கா. சிரிச்சுட்டே பதில் சொல்ற வேலைன்னா பொண்ணுன்னு செய்றவங்க மண்டையில பதிஞ்சிருக்கு. வேற தத்துவமெல்லாம் இல்ல.

கே: ரோபோவை உதைச்சா பாவமா?

கனடாவுல ஹிட்ச்பாட்னு ஒண்ணு, பிளாஸ்டிக் பக்கெட் உடம்பு, காலுக்கு ரப்பர் பூட்ஸ், ரோட்டோரம் நின்னு லிஃப்ட் கேட்டே 2014ல நாட்டையே குறுக்க தாண்டிச்சு. அடுத்த வருஷம் அமெரிக்காவுல கெளம்பின ரெண்டு வாரத்துல ஃபிலடெல்ஃபியாவுல கையை பிச்சு தலையை எடுத்துட்டாங்க. ஜனங்க நிஜமாவே அழுதாங்க. கேட் டார்லிங்ங்கற ஆராய்ச்சியாளர் 2013ல ஒரு பட்டறையில ஆளுங்க கிட்ட டைனோசர் குட்டி ரோபோவை கொடுத்து பேர் வெச்சு கொஞ்ச நேரம் விளையாட விட்டு, அப்பறம் ஆயுதத்தைக் கொடுத்து அடிங்கன்னாங்க, ஒருத்தரும் மாட்டேன்னுட்டாங்க, ஒண்ணையாவது அடிக்கலன்னா எல்லாத்தையும் ஒடைச்சுடுவோம்னு மெரட்டின பிறகுதான் ஒருத்தர் அடிச்சார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் நாயை பத்தி சொன்னது இதுக்கும் பொருந்தும், நாய்க்காக இல்ல, அதை அடிச்சுப் பழகற கை நாளைக்கு மனுஷன் மேல போகும்னு. பாவம்னு சொல்ல மாட்டேன், என் புள்ளை உதைச்சா மட்டும் ஒரு அதட்டு போடுவேன்.

கே: வயசான அப்பா அம்மாவுக்கு துணையா வெக்கலாமா?

பாரோன்னு ஜப்பான்ல செஞ்ச சீல் குட்டி ரோபோ இருக்கு, மறதி நோய் உள்ளவங்க மடியில வெச்சா அமைதியாகறாங்க, அமெரிக்காவுல 2009லேர்ந்து மருத்துவ கருவின்னே அனுமதி. அது மனுஷ உருவம் இல்ல, பேசாது, அதான் நல்லதோன்னு தோணும். ஷெர்ரி டர்க்கிள்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கேட்டது நியாயமான கேள்வி, ஒரு வயசான அம்மா தன் கஷ்டத்தை சொல்லி அழுறாங்க, எதிர்ல இருக்கறதுக்கு ஒண்ணும் புரியல, நாம பக்கத்துல நின்னு "பாரு எவ்ளோ நல்லா வேலை செய்யுது"ன்னு சந்தோஷப்படறோம். எனக்கு இதுல நேர் பதில் கிடையாது, ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்துல யாருமே இல்லாத ஆளுக்கு நான் என்ன சொல்ல முடியும்.

கே: இந்த வீடியோல எல்லாம் ரோபோ இவ்ளோ அழகா வேலை செய்யுதே, நெஜமா?

இப்ப அந்த பொய் யானையை ஞாபகப்படுத்திக்கோங்க. 1770ல கெம்பெலன் வியன்னாவுல துருக்கி வேஷம் போட்ட செஸ் பொம்மையைக் காட்டினார், பின்னாடி நெப்போலியனே அதோட ஆடினார், உள்ள ஒரு மனுஷன் மடங்கி உக்காந்திருந்தான். 2024 அக்டோபர்ல டெஸ்லா விழாவுல ஆப்டிமஸ் ரோபோங்க கூட்டத்துல கலந்து பேசி டிரிங்ஸ் ஊத்திக் கொடுத்துச்சு, பேச்சுக்கும் செயலுக்கும் பின்னாடி தூரத்துலேர்ந்து ஆளுங்க இயக்கிட்டு இருந்தாங்க. நானும் ஒரு ரோபோ ஹோட்டலுக்கு போனேன், டிரே தூக்கிட்டு நாலடி வந்து எங்க டேபிளுக்கு ரெண்டு டைல்ஸ் முன்னாடி நின்னுடுச்சு, கண்ணு மட்டும் சிமிட்டுது, பின்னாடியே ஒரு பையன் ஓடி வந்து "சார் நீங்களே எடுத்துக்கோங்க, அப்பதான் நகரும்"னான், எடுத்ததும் அதோட முதுகை லேசா தள்ளி திருப்பி விட்டுட்டு அடுத்த டேபிளுக்கு ஓடினான். எல்லா டேபிள்லயும் செல்ஃபி ரோபோவோட.

கே: வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா?

2025 அக்டோபர்ல 1எக்ஸ்ங்கற கம்பெனி நியோன்னு வீட்டு ரோபோ அறிவிச்சுச்சு, விலை 20,000 டாலர், இல்லன்னா மாசம் 499 டாலர். தனக்குத் தெரியாத வேலைன்னா கம்பெனி ஆளு ஒருத்தர் வேற எங்கயோ உக்காந்து அதோட கண்ணு வழியா உங்க வீட்டைப் பார்த்து செஞ்சு கொடுப்பாராம். அவ்ளோ காசு எங்கிட்ட இல்ல. உங்ககிட்ட இருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஆளு எந்த நேரத்துல வருவாரு, பூஜை ரூம் படுக்கை ரூமை எப்டி தடுக்கறது, பார்த்ததை எவ்ளோ நாள் சேத்து வெப்பாங்க, அவருக்கு என்ன சம்பளம், இத்தனையும் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.